மூன்றாம் தண்ணீர் வரை

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை, திருடினேன். பறிகொடுத்தவர்கள் என் அம்மா அஞ்சலையும் அப்பா தம்பிராஜாவும். அப்பா உள்ளறையில் ரேடியோ கேட்கிறார். அம்மா என் எதிரில் முருங்கைக்கீரை ஆய்ந்தபடி, நான் வாசிக்கும் ஒவ்வொரு வரிக்கும் குற்றம் சொல்கிறார். விமர்சகர்கள் யாரும் என்னைப் பயமுறுத்த முடியாததற்கு இதுதான் காரணம்.

2

முதல் தொடக்கம்: "1943. எங்கள் காஜா பேராங் பட்டணத்து வானத்தில் கருமேகங்கள் சூழ்ந்திருந்தன. சயாமுக்கு ஆள் பிடிக்க வந்த ஜப்பானிய லோரி ஒரு கொடிய மிருகத்தைப் போல..."

"அன்னைக்கு நல்ல வெயிலுடா," என்றார் அம்மா. "நான் மரவள்ளிக்கிழங்கு காயப் போட்டிருந்தேன்."

அடித்துவிட்டேன். (மிருகமும் போயிற்று. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.)

இரண்டாவது தொடக்கம்: "துப்பாக்கிக்கும் அஞ்சாத இளைஞன் தம்பிராஜா..."

அம்மா சிரித்த சிரிப்பில் கீரை சிதறியது. அதையும் அடித்துவிட்டேன்.

3

சரி, நடந்தபடியே சொல்கிறேன்.

தம்பிராஜா ரப்பர் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்து, மாட்டுவண்டியில் வீடு வீடாக விறகு போட்டவர். துணிக்கடையில் வேலை பார்த்த கலியாணசுந்தரத்தின் ஒரே மகள் அஞ்சலையைப் பெண் கேட்டுப் போனார். "தோட்டத்துப் பையனுக்கு எம் பொண்ணு கேக்குதா?" என்று கலியாணசுந்தரம் வாசலைக் காட்டினார். தாயில்லாத பெண். அவளுக்காகப் பேச வீட்டில் வேறு ஆளில்லை.

பத்து நாள் கழித்து லோரி வந்தது. ரயில் பாதை போடச் சயாமுக்குப் போனவர்களில் ஒருவரும் அதுவரை திரும்பவில்லை. தம்பிராஜா வண்டியைப் போட்டுவிட்டு ஓடி, திறந்திருந்த முதல் கதவுக்குள் நுழைந்தார். அது எந்த வீட்டுக் கதவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

(முதல் கதவுதானா என்று அம்மாவிடம் கேட்டேன். "வழியில ஏழு வீடு தொறந்து கெடந்துச்சு," என்றார்.)

பூட்ஸ் சத்தம் நெருங்கியது. கலியாணசுந்தரம் கொல்லைக்குப் போய் ஒரு வேப்பங்கொத்தை ஒடித்துவந்து வாசல் நிலையில் செருகினார். வேப்பிலை தொங்கினால் உள்ளே அம்மை கண்டிருக்கிறது என்று பொருள். நம்மவர் யாரும் நுழைய மாட்டார்கள். சிப்பாயுடன் கணக்கெழுத வந்த கிராணியும் நம்மவர்தான், வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாருக்கு ஆத்தா வந்திருக்கா?"

உள்ளே பாயில் ஓர் ஆண்குரல் முனகியது. கலியாணசுந்தரத்துக்கு மகன் கிடையாது என்பது கிராணிக்குத் தெரியும். வேறு வழியே இல்லை.

"மருமவனுக்குங்க."

"கல்யாணம் எப்ப ஆச்சு?"

"கோயில்ல வச்சு சுருக்கா முடிச்சிட்டோம். சண்டைக் காலம் இல்லீங்களா?"

கிராணி ஏதோ சொன்னதும் சிப்பாய் மூக்கைப் பொத்திக்கொண்டு லோரிக்குத் திரும்பினான்.

4

இங்கேதான் எனக்குச் சந்தேகம். பத்து நாளுக்கு முன் விரட்டிய மனிதர் இன்று தன் உயிரைப் பணயம் வைப்பாரா? வாசகர் நம்ப வேண்டுமே. ஒரு காரணம் தயாரித்துப் பார்த்தேன்: "சிறு வயதில் கலியாணசுந்தரத்தின் தம்பியும் இப்படித்தான்..."

"அவருக்கேதுடா தம்பி?" என்றார் அம்மா. "கண்ணு முன்னால ஒருத்தனைச் சாகக் கொடுக்க மனசு வரல. அதுக்கு என்ன காரணம் வேணும் ஒனக்கு?"

தம்பியை அடித்துவிட்டேன்.

5

செருகியாயிற்று. ஆனால் தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றாமல் வேப்பிலையை எடுக்கக் கூடாது. அதுவரை வீட்டார் வெளியே போகக் கூடாது. தாளிக்கக் கூடாது. (தாளிக்க எண்ணெய் எங்கே இருந்தது!)

மறுநாளே தம்பிராஜா கொல்லைப்பக்கமாக நழுவப் பார்த்தார். கலியாணசுந்தரம் விடவில்லை.

"ஆத்தா பேரைச் சொல்லியாச்சு. பொய்யா இருந்தாலும் முறையாத்தான் முடிக்கணும். படு!"

உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லாத ஆளுக்கு வேப்பிலைப் படுக்கை, இளநீர், மரவள்ளிக் கூழ். பொழுது போகாமல் இருவரும் தாயம் ஆடினார்கள். ஐந்தாம் நாள் ஒரு காயை வெட்டியதற்காக வீடே அதிரச் சண்டை போட்டு, கடைசியில் சிரித்துவிட்டார்கள்.

"சிரிக்காதீங்க, முனகுங்க!" என்று அஞ்சலை அடுப்படியிலிருந்து பல்லைக் கடித்தாள். "பக்கத்து வீட்டுக்குக் கேக்குது!"

அந்தச் சண்டைக் காலத்திலேயே அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அந்த நாட்களில்தான் என்கிறார் அம்மா. எழுதும்போது எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

6

மூன்றாம் தண்ணீர். மஞ்சளும் வேப்பிலையும் போட்ட நீரைக் கலியாணசுந்தரமே ஊற்றினார். நிலையிலிருந்த கொத்தை எடுத்தார். லோரி ஊரைவிட்டுப் போய் நாளாகியிருந்தது. கதவு திறந்து கிடந்தது. இனி தம்பிராஜா யாரிடமிருந்தும் தப்பிக்க வேண்டியதில்லை; போகலாம்.

முடிவு அ: கும்பிட்டுவிட்டுப் போகிறார். அஞ்சலை அடுப்படியில் நிற்கிறாள். (இலக்கியத் தரமானது. பரிசுகூடக் கிடைக்கும்.)

முடிவு ஆ: மறுபடி பெண் கேட்கிறார். கலியாணசுந்தரம் மறுபடி...

முடிவு இ: அஞ்சலை முன்னால் வந்து ஒரு வார்த்தை சொல்கிறாள். என்ன வார்த்தை என்று அம்மாவைக் கேட்டேன்.

"அதெல்லாம் ஒனக்கெதுக்குடா?" கீரைத்தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். முகம் சிவந்திருந்தது.

ஆகவே இத்துடன் நிறுத்துகிறேன். ஈரத்தலையோடு ஓர் இளைஞர் வாசலில் நிற்கிறார், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. அவரை எந்தப் பக்கம் அனுப்புவது என்பது உங்கள் விருப்பம். கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள். நான் இன்னும் பிறக்கவில்லை.