மீன் வாடை படியிறங்கிய கதை

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் இனி நான் காய்ச்சும் பாலெல்லாம் திரிந்துபோகட்டும்.

வேன் ஓட்டுநருக்குக் கடும் ஜலதோஷம். மூக்கு இரண்டு பக்கமும் சாத்திக் கிடந்தது. நாக்கு மட்டும் சும்மா இருக்கவில்லை. அக்கா வீட்டுக்குப் போன மனைவி திரும்பும் நாளாகப் பார்த்து மதியம் மீன் பொரித்தார். பொரித்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது, கருக்கினார். மனைவிக்கு மசக்கை. போகும்போதே சொல்லிவிட்டுத்தான் போனாள்: "திரும்பி வர்றப்ப மீன் வாடை அடிச்சுதுன்னா வந்த வண்டியிலயே போயிடுவேன். குழந்தை பிறந்தப்புறம் பார்த்துக்கலாம்."

சட்டியைத் தேய்த்தார். ஜன்னலைத் திறந்தார். வாடை போயிற்றா? மூக்கு பதில் சொல்லவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், தேய்த்த சட்டியையே மறுபடி தேய்த்தார். இருப்புக்கொள்ளாமல், புதிதாக மேல்மாடிக்குக் குடிவந்திருந்த தையல்காரரை இழுத்துவந்தார்.

"அண்ணே, கொஞ்சம் மோந்து பாருங்க."

தையல்காரர் கண்ணை மூடி மூச்சை இழுத்தார். "அடுப்படியிலதான் இருக்கு தம்பி. சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கு."

ஓட்டுநர் வினிகரில் தண்ணீர் கலந்து கொதிக்கவிட்டார்.

"எழுந்துடுச்சு. கூடத்துக்குப் போகுது."

எலுமிச்சைத் தோல், கிராம்பு, பட்டை எல்லாம் போட்டுக் கொதித்த பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓட்டுநர் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"தும்முது பாவம். அறைக்குள்ள ஓடி, போர்வையை இழுத்துப் போர்த்திக்கிச்சு."

மெத்தை மேல் சமையல் சோடாவைத் தூவினார். அலமாரிக்குள் காப்பித்தூள் கிண்ணத்தை வைத்தார். கை வேலை செய்ய, கண் வாசலிலேயே இருந்தது.

"தண்ணி கேக்குது தம்பி."

"குடுக்கலாமா?"

"உப்புப் போட்டுக் குடு."

சொம்பை வைத்துவிட்டு இருவரும் மரியாதையாகத் திரும்பி நின்றார்கள். திரும்பிப் பார்த்தபோது சொம்பு காலி. அதற்குமேல் வாடைக்கு அந்த வீட்டில் முகம் காட்ட வெட்கமாகிவிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படியிறங்கியது. தெருப் பூனை வாலைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னாலேயே போனது.

"போயே போச்சா அண்ணே?"

"தெருமுனை திரும்பிடுச்சு."

அதே நேரம் கீழே வண்டி வந்து நின்றது. மனைவி படியேறி வந்து, பையைக் கீழே வைக்காமல் வாசலிலேயே நின்றாள். மூக்கைச் சுருக்கினாள். ஓட்டுநர் காலிச் சொம்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்லையே."

"எலுமிச்சை வாசனை வருது. நாக்குல எச்சில் ஊறுது. ஒண்ணு நறுக்கி உப்புத் தொட்டுக் குடுங்க."

பை தரைக்கு வந்தது. வீட்டில் தோல் இழந்த பழங்கள்தான் இருந்தன. அவற்றையே நறுக்கினார் ஓட்டுநர். "மூக்குன்னா உங்க மூக்குதான் அண்ணே," என்று கையெடுத்துக் கும்பிட்டார். தையல்காரர் தலையாட்டிவிட்டு மாடிக்குப் போனார்.

தையல்காரருக்குப் பிறந்ததிலிருந்தே எந்த வாசனையும் தெரியாது.