மூன்று அடுப்புகளும் அணைந்த வீடு

சிவானந்தன் இருந்தவரை அந்த வீட்டுக்குள் குளிர் எட்டிப் பார்த்ததில்லை. நிலவறையில் ஒன்று, கூடத்தில் ஒன்று, மேல்மாடியில் ஒன்று என மூன்று பெலெட் அடுப்புகள். சுவரிலிருந்த மின்சூடேற்றிகளைக் கழற்றி எறிந்துவிட்டார். மரத்தூளை அழுத்திச் செய்த அந்தச் சின்னக் குச்சிகளைச் சாக்கோடு சுமந்து, தினமும் விடியற்காலையில் மூன்றிலும் நிரப்புவார். வடதுருவத்தை ஒட்டிய ஹம்மர்பெஸ்டில், மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டி விறைத்த விரல்கள் அவருடையவை.

ஜனவரியில் வேலைத்தளத்தில் மாரடைப்பு வந்து போய்விட்டார். மகள் கஜேந்தினி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, அப்பாவின் அக்கா யோகாம்பாள் தொலைபேசியில் வந்துவிட்டார்.

"செத்த வீட்டிலை நெருப்பு மூட்டுறேல்லை, பிள்ளை. எரிச்சு முடியுமட்டும் அடுப்புகளை நூத்துவிடு."

"அது சமைக்கிற அடுப்புக்கெல்லே, மாமி?"

"எல்லாம் நெருப்புத்தான். உன்ரை அப்பாவுக்கு இதைக்கூடச் செய்யமாட்டியோ?"

இரண்டு நாள்தானே என்று நினைத்து, கஜேந்தினி மூன்று பொத்தான்களையும் தன் கையாலேயே அழுத்தினாள். ஊரிலென்றால் மறுநாளே எடுத்துவிடுவார்கள். இங்கே தகனத்துக்குக் கிடைத்த திகதியோ பதினொரு நாள் தள்ளி. வெளியே மைனஸ் பதினான்கு.

அம்மா மங்களேஸ்வரிக்கு ஆஸ்துமா. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய சின்ன மின்சூடேற்றியைக் கட்டிலருகே வைத்தால், அதன் வயரைப் பிடுங்கிவிடுவார்.

"அந்த மனிசன் அங்கை குளிர்ப்பெட்டிக்குள்ளை கிடக்குது. எனக்கென்னடி சூடு? என்ரை கையாலை வாய்க்கரிசி போட்டால் காணும்."

அந்த ஒரு பிடி அரிசியைத் தவிர அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் கஜேந்தினி பொறுமை கெட்டுப்போய்க் கூடத்து அடுப்பை மூட்டினாள். குச்சிகள் கலகலவென விழுந்து தீப்பிடித்ததும், அம்மா படியிறங்கி வந்து அணைத்துவிட்டுப் போனார். சாப்பாடு கொண்டுவந்த சனமெல்லாம் குளிர்க் கோட்டோடு உட்கார்ந்து அழுதார்கள். மூட்டச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. புருசெத்தில் இருந்த மாமியின் வீட்டில் மட்டும் சுவரோரம் வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் ஓடியது. அது நெருப்பில் சேர்த்தியில்லையாம்!

ஒன்பதாம் நாள் இருமல். பத்தாம் நாள் அம்புலன்ஸ். நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்றார்கள்.

பதினோராம் நாள் அப்பாவின் வாயில் எல்லாரும் அரிசி போட்டார்கள். அம்மாவின் பிடியையும் கஜேந்தினியே போட்டாள். பொத்தானை அழுத்திய அதே கை. அதை வெட்டி எறியலாம் போலிருந்தது அவளுக்கு. அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஒக்சிசன் முகமூடிக்குள்ளிருந்து அம்மா ஒன்றைத்தான் கேட்டார்.

"போட்டியோ?"

"ஓம், அம்மா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அந்தக் கண் திறக்கவேயில்லை. பின்னேரம் மூச்சு நின்றது.

கஜேந்தினி தனியாக வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் வாய் திறந்தால் புகைபோல மூச்சு வந்தது. மூன்று அடுப்புகளிலும் அப்பா கடைசியாக நிரப்பிய குச்சிகள் மிச்சம் கிடந்தன. தொலைபேசி அடித்தது. மாமிக்கு இன்னும் சேதி போகவில்லை.

"எல்லாம் முடிஞ்சுதுதானே, பிள்ளை. இனி அடுப்பை மூட்டலாம்."

"ஆருக்கு, மாமி?" என்றாள் கஜேந்தினி.