ஞாயிற்றுக்கிழமைச் சட்டம்

"கொஞ்சம் பிடிங்க. வண்டி வந்துடிச்சி."

வெள்ளைச் சீருடையில் நின்ற ஊர்மிளா குழந்தையை நீட்டினாள். அவள் கணவன் ராஜேந்திரா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். எட்டு மாதக் குழந்தை ஷல்வினா, அப்பா என்கிற அந்த உருவத்தைப் பார்த்துச் சிரித்தது. பாவம், அதற்கு விவரம் பத்தாது.

"ஞாயித்துக்கெழம யாரும் வேல செய்யக் கூடாதுன்னு மிலிட்டரிக்காரன் சட்டம் போட்டு வச்சிருக்கான். தெரியுமில்ல?"

"கொயந்தய பாத்துக்கறது வேலயா?"

"பின்ன இல்லியா? நீதான தெனம் சொல்ற, முதுகு ஒடியுதுன்னு."

வாசலில் ஆஸ்பத்திரி வண்டி ஹாரன் அடித்தது.

அந்தச் சட்டம் மெய்தான். அந்தத் தீவில் ராணுவம் இரண்டாம் தடவை ஆட்சியைப் பிடித்தபின் ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது, கடை கிடையாது, வயலில் மண்வெட்டி பிடிக்கக் கூடாது. நவுசோரியில் அவர்கள் தெரு ஆண்கள் ராணுவத்தின் மற்ற உத்தரவுகளைத் திட்டித் தீர்த்தார்கள். இந்த ஒன்றுக்கு மட்டும் மனப்பூர்வமாகக் கீழ்ப்படிந்தார்கள். அடுப்படிக்கும் துணி துவைக்கும் கல்லுக்கும் ஏனோ சட்டம் எட்டவில்லை. பெண்கள் ஞாயிற்றுக்கிழமையும் சமைத்தார்கள், துவைத்தார்கள். எந்தச் சிப்பாயும் வந்து தடுக்கவில்லை, எந்தக் கணவனும் தடுக்கவில்லை.

ராஜேந்திரா குழந்தையைத் தொடாமல் தப்பித்த கதையைச் சொன்னால் சிரிப்பு வரும், பிறகு எரிச்சல் வரும். பிறந்தபோது தீட்டு என்றான். தீட்டுக் கழிந்ததும் தீமிதிக்குக் காப்புக் கட்டிக்கொண்டு கோயிலிலேயே படுத்துவிட்டான். விரதக்காரன் பெண்டாட்டி பிள்ளை பக்கம் போகக் கூடாதாம். நெருப்பில் நடந்து, மாலையும் மரியாதையுமாக வீடு திரும்பினவன், பால் வாடைக்கு மூக்கைப் பொத்தினான். கழுத்து நிற்கட்டும் என்றான், நின்றது. நாடு இருக்கிற இருப்பில் குழந்தையைக் கொஞ்சவா தோன்றும் என்றான். ஷல்வினா பிறக்கும்போதே நாடு அந்த இருப்பில்தான் இருந்தது. நெருப்பை மிதித்த மகாவீரனுக்கு ஈரத் துணியைத் தொட தைரியம் வரவில்லை!

வாரநாட்களில் அடுத்த வீட்டு ஸைரா அக்கா பார்த்துக்கொள்வாள். அவள் லாமியில் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், ஞாயிறு பஸ் இல்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டாள். ஊர்மிளா போகாமல் இருக்கவும் வழியில்லை. ஆஸ்பத்திரியில் பாதி நர்சுகள் ஆஸ்திரேலியா, கனடா என்று போய்விட்டார்கள். இருக்கிறவர்கள் மட்டம் போட்டால் சீட்டுக் கிழியும் என்று மேட்ரன் சொல்லிவிட்டாள். ராஜேந்திரா தெரு முழுக்க, "நான் சிட்னிக்குப் போறேன், குடும்பத்த இஸ்துகினு போறேன்" என்று சொல்லித் திரிந்தானே, அந்த சிட்னியும் இந்த வேலையைப் பிடித்துத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. சிட்னிக்கு நர்சு வேண்டும். ராஜேந்திரா மாதிரி பஜனை மண்டலிச் செயலாளர் வேண்டாம்.

அவள் பாயை விரித்துக் குழந்தையை அவன் காலடியில் உட்கார வைத்தாள்.

"பால் கலக்கி வச்சிருக்கேன். சுடுதண்ணில பாட்டில வச்சிக் குடுங்க. துணி அதோ கொடியில. அவ்ளோதான்."

"ஏய் ஊர்மிளா, நில்லு! எனக்கு இதெல்லாம்..."

அவள் வண்டி ஏறிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் கொல்லைப்புறமாகக் கூட்டாளிகள் வந்தார்கள். கடைக்காரர் பல்ராம், மண்டலித் தலைவர் வெங்கடசாமி, இன்னும் இரண்டு பேர். நங்கோனா வேர்ப் பொடியைத் துணியில் கட்டித் தண்ணீரில் பிசைந்து, அந்தச் சேற்றுக் கலங்கலைக் கொட்டாங்கச்சியில் மொண்டு மொண்டு குடிப்பதுதான் அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமை. க்ரோக் என்பார்கள். நாக்கு மரத்துப் போகும், கண் சொருகும், பேச்சு மட்டும் நிற்காது.

"நம்ம உரிமைய பறிச்சிட்டானுங்க, பல்ராம் பையா," என்றார் வெங்கடசாமி. "நம்ம வமிசம் இனி எப்படித் தலையெடுக்கும்?"

வமிசம் பாயில் ஈரத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது. துணி மாற்ற ஒருவருக்கும் கை வரவில்லை. அத்தனை பேரும் பிள்ளை பெற்றவர்கள். பால் பாட்டில் அடுப்படியில் அப்படியே இருந்தது. எழுந்து போய் எடுக்க வேண்டும், சுடுதண்ணீர் வைக்க வேண்டும், அதெல்லாம் வேலை.

"அரே, காது கிழியுதுய்யா," என்றார் பல்ராம். "ஒரு கரண்டி க்ரோக் குடு. பெரியவனே தூங்கிப் போறான், இது எம்மாத்திரம்?"

ராஜேந்திரா ஒரு கணம் தயங்கினான். அந்தத் தயக்கத்துக்காக அவனை மன்னிக்கலாம் என்று யாராவது நினைத்தால், இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். குழந்தை முதல் கரண்டியைத் துப்பிவிட்டது. அவன் மறுபடி ஊட்டினான். பிறந்ததிலிருந்து அவன் தன் கையால் அதற்கு ஊட்டியது அதுதான்.

பொழுது சாயும் நேரத்தில் ஊர்மிளா திரும்பினாள். வீடு அமைதியாக இருந்தது. அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

"பாத்தியா? என்னமோ பெரிசா பேசினியே. எப்டித் தூங்க வச்சிருக்கேன் பாரு!"

அவள் குழந்தையைத் தூக்கினாள். தலை தொய்ந்து தோளில் விழுந்தது. வாயருகே முகர்ந்தாள். பால் வாடை இல்லை, வேறு வாடை.

"என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணுமில்ல. பல்ராம் பையாதான் ஒரு சொட்டு..."

"என்ன குடுத்தீங்கன்னு கேட்டேன்!"

"ரெண்டு கரண்டி. எல்லாரும் குடிக்கறதுதான?"

அவள் குழந்தையைப் பாயில் கிடத்தினாள். இமையைத் தூக்கிப் பார்த்தாள், நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள், வாயைத் துடைத்தாள், உள்ளங்காலைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டாள். "கண்ணு, அம்மா வந்துட்டேன், கண்ணத் தொற." வார்டில் எத்தனையோ குழந்தைகளுக்குச் செய்தவள்தான். தன் குழந்தைக்கு அன்றுதான் முதல் தடவை. இன்னும் சற்று நேரம் போயிருந்தால் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே ஓடியிருப்பாள். கடைசியில் ஷல்வினா முகத்தைச் சுளித்தது, முனகியது, பிறகு வீறிட்டு அழுதது. அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது.

முன்னறையிலிருந்து அவன் கத்தினான். "தூங்கற கொயந்தய எதுக்கு எழுப்பற? அறிவில்ல?"

ஊர்மிளா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவளுக்குள் ஒன்று முடிந்துபோனது. முடிந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

தெருவுக்கு வேறு செய்தி போயிற்று. ராஜேந்திரா ஞாயிற்றுக்கிழமை பூராவும் தன்னந்தனியாகக் குழந்தையைப் பார்த்துக்கொண்டானாம். தண்ணீர்க் குழாயடியில் பெண்களே சொன்னார்கள், "ஊர்மிளா குடுத்து வச்சவ." எட்டு மாதம் கண் விழித்தவளுக்கு ஒரு நல்ல வார்த்தை இல்லை. ஒரு பகல் குழந்தையோடு ஒரே கூரையின்கீழ் இருந்தவனுக்குப் புகழ்!

சிட்னி ஆஸ்பத்திரியில் வேலை உறுதியானது. அதற்கான அலைச்சல் எல்லாம் ஊர்மிளாவுடையது. சுவாவுக்கு பஸ் ஏறியதும், வெயிலில் வரிசையில் நின்றதும், இடுப்பில் ஷல்வினாவோடு விசாவுக்காக ஜன்னல் ஜன்னலாக அலைந்ததும் அவள்தான். வரிசையில் நிற்க ராஜேந்திராவுக்குக் கால் வலிக்கும். என்ன எழுதினாய், யார் பேரைக் கொடுத்தாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மாறாக ஒரு யோசனை சொன்னான்.

"ஷல்வினாவ ரக்கிரக்கில எங்க அம்மாகிட்ட வுட்டுட்டுப் போலாம். போன எடத்துல கொயந்தய வச்சிகினு நீ எப்டி வேலைக்குப் போவ? ரெண்டு வருசம் கழிச்சிக் கூப்பிட்டுக்கலாம்."

"நீங்க பாத்துக்க மாட்டீங்களா?"

"நானா?" அவன் சிரித்தே விட்டான்.

அவளும் லேசாகச் சிரித்தாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

பஜனை மண்டலி ஒரு சனிக்கிழமை மாலை வழியனுப்பு விழா வைத்தது. பூமாலை ராஜேந்திராவுக்கு. தேநீர் ஊற்றுவது ஊர்மிளா, இடுப்பில் குழந்தையோடு. வெங்கடசாமி மேடையேறித் தொண்டையைச் செருமினார்.

"நம்ம செயலாளர் கொயந்தய தானே பாத்துகினவர். தாயுமானவர்! இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆம்பளய காட்டுங்க பாப்போம்!"

கைதட்டல் ஓய்ந்ததும் ராஜேந்திரா எழுந்து, குரலை உருக்கமாக்கிக்கொண்டான்.

"எங்க கொயந்தய அம்மாகிட்ட வுட்டுட்டுத்தான் போறோம். மனசு கேக்கல. ஆனா குடும்பம் முன்னேறணும்னா ஒருத்தர வுட்டுட்டுப் போவத்தான் வேணும்."

சபை உச்சுக்கொட்டியது. குழந்தை தாயைப் பிரிந்து எப்படி இருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊர்மிளா தேநீர்க் கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"அவர் சொல்றது சரிதாங்க," என்றாள். "ஒருத்தர வுட்டுட்டுத்தான் போவணும். நானும் ஷல்வினாவும் போறோம். எங்க ரெண்டு பேருக்குத்தான் விசா வாங்கியிருக்கேன். அவரு இங்கயே இருக்கட்டும்."

"என்னடி ஒளர்ற?" மாலை ஒரு பக்கம் சரிந்தது.

"அந்த ஊர்ல கொயந்த ஞாயித்துக்கெழமயும் அழுவுங்க. உங்களுக்குத் தோதுப்படாது. அழுதா நீங்க க்ரோக் ஊத்துவீங்க. இன்னொரு தரம் என் கொயந்தய உங்க கையில குடுக்க மாட்டேன்."

க்ரோக் என்றதும் பெண்கள் பக்கத்தில் ஸைரா அக்கா, "யா அல்லா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பல்ராம் தரையைப் பார்த்தார். பிறகு வெங்கடசாமி, உண்மையான கவலையோடு, கண் கலங்கக் கேட்டார்.

"என்னம்மா இது அநியாயம்? ராஜேந்திராவ யாரு பாத்துப்பா? யாரு சோறாக்கிப் போடுவா?"

ஊர்மிளா குழந்தையை இடுப்பில் சரியாக ஏற்றிக்கொண்டாள்.

"ரக்கிரக்கில அத்தை இருக்காங்களே. அவங்ககிட்ட வுட்டுட்டுப் போறேன்."