ஸ்தோத்திரச் சீட்டு

கருங்கல் ஊர்ச் சபையில் ஆராதனை முடியும் முன், ஆண்டவருக்கு நன்றி சொல்லி எழுதித் தரும் ஸ்தோத்திரச் சீட்டுகளைப் போதகர் வாசிப்பார். அம்மா செல்லபாயும் ஒன்று கொடுத்திருப்பது தெரிந்ததும் ஸ்மைலின் வாசல் பக்கம் பார்த்தாள். ஜெர்மனியில் ஒரே பாடத்தில் மூன்றாம் முறையும் தோற்றதால் கல்லூரி அவளை நீக்கியிருந்தது. வீட்டிலோ படித்து முடித்தாயிற்று என்று சொல்லியிருந்தாள். அந்தப் பொய்க்குத்தான் அம்மா நன்றி எழுதியிருப்பாள் என்று நினைத்தாள்.

போதகர் அடுத்த சீட்டைப் பிரித்தார். "செல்லபாயின் மகள் ஸ்மைலின், படிப்பு முடியாவிட்டாலும் சுகமாய் வீடு திரும்பியதற்காக."

சபையே திரும்பிப் பார்த்தது.

"பெட்டியில நீ ஒளிச்ச காலேஜ் கடுதாசிய போன்ல காட்டி தமிழாக்கி வாசிச்சேன்," என்றாள் அம்மா, பாட்டுப் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "இனி ஒருத்தரும் உன்கிட்ட துருவிக் கேக்கமாட்டாவ. பொய் சொன்னதுக்கு வீட்டில வச்சு தாறேன். இப்ப நிமிந்து இரி, மக்கா."