கொட்டாவிக்கு ஒரு மாத்திரை

தெருவில் எல்லோரும் அவரை அரை டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். மருந்துக்கடை வைத்திருப்பவருக்கு இப்படி ஒரு பட்டம் கிடைப்பது அதிசயமில்லை. ஆனால் நம்ம ஆள் அதை மெய்யென்றே நம்பிவிட்டார், அங்கேதான் வந்தது வினை. காய்ச்சல் என்று வந்தவனை நாக்கை நீட்டச் சொல்வார். தலைவலி மாத்திரை கேட்டு ஒரே ஆள் ஒரே வாரத்தில் மறுபடி மறுபடி வந்தால், கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவார்.

"வாரத்துக்கு ரெண்டு. அதுக்கு மேல கிடையாது. போய் டாக்டரைப் பாருங்க."

"நீங்கதான் டாக்டராச்சே?"

"நான் அரை. மீதி அரையைப் போய்ப் பாருங்க."

அப்படிப்பட்ட கறார்ப் பேர்வழி. கடை ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குள் கால் வைத்தால் மட்டும் வேறு மனிதர். ஊருக்குத்தான் உபதேசம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

அவர் மனைவிக்கு ஒற்றைத் தலைவலி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே உண்டு. பல்செட் செய்யும் பட்டறையில் அவளுக்கு வேலை. மெழுகில் ஈறு வடித்து, பல்லைப் பல்லாக அதில் நட்டு, சின்னக் கத்தியால் சுரண்டிச் சுரண்டி ஒரு வாயையே உண்டாக்கிவிடுவாள். அவள் செய்த பல்செட்டை மாட்டிக்கொண்ட வெல்டர் ஒருவர் கொட்டைப்பாக்கைக் கடித்துக் காட்டினார் என்று பட்டறையில் பெருமையாகச் சொல்வார்கள். "ஊருக்கெல்லாம் சிரிப்பு செஞ்சு குடுக்கிறேன், எனக்குத்தான் சிரிக்க நேரமில்ல" என்பாள் அவள்.

தலைவலி வந்தால் இடது கண்ணுக்குப் பின்னால் ஆரம்பிக்கும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, குடித்த தண்ணீர்கூடத் தங்காது. அவள் சுருண்டு கிடப்பதைப் பார்த்தால் இவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. கட்டிலைச் சுற்றிச் சுற்றி வருவார். வலிக்கிறவளைவிட இவர் முகம்தான் வெளுத்துப் போயிருக்கும்.

முதலில் காரணத்தைப் பிடிக்கப் புறப்பட்டார். எந்த வஸ்துவில் உள்ள எந்த ரசாயனம் நரம்பைச் சீண்டிவிடுகிறது என்று படித்துப் படித்து, சீஸ் போயிற்று, சாக்லேட் போயிற்று, காபி போயிற்று. வாசனை சோப்பு போயிற்று. தம் தலைக்குத் தடவும் எண்ணெயைக்கூடத் தூக்கிக் குப்பையில் போட்டார். பட்டறையில் பிளாஸ்டிக் ஈறு செய்யப் பொடியில் ஊற்றிக் குழைக்கும் திரவம் மூக்கைத் துளைக்கும், அதற்காகப் பெரிய முகமூடி ஒன்றை வாங்கிக் கொடுத்தார். வீட்டில் மணமாக ஒரு பொருள் இல்லாமல் போனதுதான் மிச்சம். தலைவலி தன்பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது.

பிறகுதான் அந்த மாத்திரை வந்தது. பழைய காலத்து மருந்து. தலைக்குள் ரத்தக்குழாய் விரிந்து புடைக்கிறது, அதனால் விண்விண்ணென்று தெறிக்கிறது. குழாயைச் சுருக்கிவிட்டால் வலி போச்சு. அரை டாக்டரின் கணக்கு அவ்வளவுதான். முதல்முறை போட்ட அன்று அவள் கொஞ்ச நேரம் தூங்கி எழுந்து, முகம் கழுவிக்கொண்டு, "பசிக்குதுங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் மலையைப் புரட்டியவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சமையலறைக்கு நடந்தார். பாவம், அந்தச் சந்தோஷம்தான் அவரைக் கெடுத்தது.

வலி வருவதற்கு முன்னால் அவள் அடுக்கடுக்காகக் கொட்டாவி விடுவாள், கழுத்தைத் தடவிக்கொள்வாள். இதை அவர் கண்டுபிடித்துவிட்டார். வந்த பிறகு ஏன் கொடுக்க வேண்டும், வருவதற்கு முன்பே கொடுத்துவிட்டால் என்ன? அதிலிருந்து அவள் வாயைத் திறந்து ஒரு கொட்டாவி விட்டால் போதும், ஒரு கையில் தம்ளரும் மறு கையில் மாத்திரையுமாக எதிரே நிற்பார். கடையில் மற்றவனுக்கு வாரத்துக்கு இரண்டு. வீட்டில் கணக்கே கிடையாது. கடைக்காரன் பெண்டாட்டிக்குக் கணக்கு எதற்கு?

மாத்திரை கூடக் கூடத் தலைவலியும் கூடிற்று. கடைசியில் தினமும் விடியும்போதே வலியோடுதான் விடிந்தது. அவளுக்கு விரல் நுனிகள் சில்லிட்டன. குளிர்காலம் என்றார் இவர். கால் மரத்துப் போகிறது என்றாள். உட்கார்ந்தே வேலை பார்த்தால் அப்படித்தான் என்றார். ஒருநாள் பட்டறையில் மெழுகைச் சீவிக்கொண்டிருந்தவள், கத்தி கையைவிட்டுக் கீழே விழுந்தது தெரியாமல் வெறும் விரலால் சீவிக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசைக்காரி பார்த்துவிட்டுத்தான் அவளை வீட்டுக்கு அனுப்பினாள்.

நரம்பு டாக்டரம்மா அவள் மணிக்கட்டில் நாடி தேடினார். நெடுநேரம் தேடினார். பிறகு என்ன மாத்திரை, எத்தனை என்று கேட்டார். இவர் சொன்னார். சொல்லும்போதே குரல் இறங்கிக்கொண்டு போயிற்று.

"நீங்க மருந்துக்கடை வச்சிருக்கீங்கன்னு சொன்னீங்க இல்ல?"

"ஆமாங்க."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

"வெறும் குழாய்ச் சமாச்சாரம் இல்ல இது," என்றார் டாக்டரம்மா. "குழாயைச் சுத்தி இருக்கிற நரம்பு ஒரு ரசாயனத்தைக் கக்குது. அதுலதான் குழாய் விரியுது, வலியும் கிளம்புது. உங்க மாத்திரை குழாயைப் பிடிச்சு இறுக்குது. ஆனா அதுக்குத் தலை எது கை எதுன்னு தெரியாது. கை, கால், நெஞ்சு எல்லாத்தையும் சேத்துத்தான் இறுக்கும். இன்னொண்ணு, அடிக்கடி குடுத்தா நரம்பு அதுக்குப் பழகிடும். மருந்து வேகம் இறங்கினதும் திரும்பக் கேக்கும். தலைவலிக்கு மாத்திரைங்கிறது போய் இப்ப மாத்திரைக்குத்தான் தலைவலி வருது இவங்களுக்கு."

"குறைச்சுக் குறைச்சு நிறுத்திடலாமா?"

"இன்னையோட நிறுத்துங்க. ஒண்ணுகூடக் கூடாது. விரல் இன்னும் பிழைச்சிருக்கு, இனிமே இறுக்கினா நான் உத்தரவாதம் இல்ல. நிறுத்தினா முதல்ல வலி இப்ப இருக்கிறதைவிட மோசமா வரும். சில நாள் இருக்கும், அப்புறம் தணியும். வாந்திக்கு மருந்து தரேன். விரல் கறுத்தாலோ நெஞ்சு வலிச்சாலோ உடனே வந்துடுங்க."

"வலிக்கு?"

"வலிக்கு இப்போதைக்கு ஒண்ணும் இல்ல."

மருத்துவமனையிலேயே தங்கலாம் என்றார்கள். அந்த விளக்கு வெளிச்சத்திலும் பினாயில் வாடையிலும் இருக்க முடியாது என்று அவள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

வீட்டிலிருந்த மாத்திரைகளையெல்லாம் பொறுக்கிக் கடைக்குள் வைத்துப் பூட்டி, சாவியை மனைவியின் அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க அக்கா."

"நீங்கதான் கேப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா தம்பி?" என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார் அக்கா. "அவ கேக்க மாட்டா. அவ அழுத்தக்காரி."

அக்காவுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரே ஒரு மாத்திரையை அவர் போட்டு வைத்திருந்தார். ஆபத்துக்குப் பாவமில்லை என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

சொன்னபடியே வலி வந்தது. முதல் நாள் முனகினாள். மறுநாள் முனகவும் இல்லை. அதற்கு மறுநாள் மத்தியானம் தலையைச் சுவரோடு வைத்து அழுத்திக்கொண்டு, தோளிலிருந்து கால்வரை நடுங்கிக்கொண்டு கிடந்தாள். ஜன்னலில் போர்வை தொங்கவிட்டிருந்தது. அந்த அரை இருட்டில் அவர் பாத்திரத்தை ஏந்தினார், துடைத்தார், ஈரத்துணியை மாற்றினார். அதற்கு மேல் செய்ய ஒன்றுமே இல்லை. நாள் முழுக்க நோய்க்கு ஒரு மருந்து என்று எடுத்து நீட்டிப் பழகிய கை. அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. மடியில் வைத்தார், கட்டில் விளிம்பில் வைத்தார், பிறகு சட்டைப் பையில் வைத்தார். பையில் மூக்குக்கண்ணாடிக் கூடு இருந்தது.

செத்துவிடுவாளோ என்று பயம் வந்துவிட்டது அவருக்கு. அரை டாக்டராவது கால் டாக்டராவது, எல்லாம் பறந்து போயிற்று. ஒன்றே ஒன்று, ஒன்றில் என்ன ஆகிவிடப் போகிறது, நாளையிலிருந்து சுத்தமாக நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. கடையில் நின்று கெஞ்சியவர்கள் எல்லோரும் அவரிடம் சொன்ன அதே பேச்சு. எழுந்து போய்த் தம்ளரில் தண்ணீர் எடுத்து வந்தார். உள்ளங்கையில் மாத்திரையை வைத்து நீட்டினார்.

"ஒண்ணே ஒண்ணும்மா. போட்டுக்கோ. என்னால பாக்க முடியல."

அவள் கண்ணைத் திறந்தாள். மாத்திரையைப் பார்த்தாள், அப்புறம் அவரைப் பார்த்தாள். கை எழுந்தது. வெளுத்துப் போன அந்த விரல்கள் அவர் உள்ளங்கைவரை வந்து, அங்கேயே நின்றன. அவரும் மூச்சுவிடவில்லை. அவள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது, எடுத்துவிடக் கூடாதே என்றும் இருந்தது.

"ஏங்க," என்றாள். "பாதி நாள் நான் இதை வலிக்காகப் போடல."

"பின்ன?"

"உங்களுக்காகப் போட்டேன். தண்ணியோட வந்து நிப்பீங்க. அந்த முகத்தைப் பாத்துட்டு வேணாம்னு சொல்ல மனசு வராது. நான் முழுங்கினாத்தான் நீங்க போய் நிம்மதியா சாப்பிடுவீங்க."

"கொட்டாவி விட்டியேம்மா. வலி வரப்போகுதுன்னுதானே குடுத்தேன்."

"தூக்கம் வந்துச்சுங்க. மனுஷிக்குத் தூக்கம் வராதா? அப்புறமெல்லாம் சமையக்கட்டுக்குப் போய்த்தான் கொட்டாவி விட்டேன்."

கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். அவ்வளவு பேசியதற்கே ஓங்கரித்துக்கொண்டு வந்தது. அவர் பாத்திரத்தை எடுக்கக் குனிந்தபோது மாத்திரை கையிலிருந்து நழுவித் தம்ளர் தண்ணீரில் விழுந்தது. அதைக் கொண்டுபோய்க் கழிப்பறையில் கொட்டிவிட்டு வந்தார். இனி வீட்டில் ஒன்றுமில்லை. அவமானம் ஒரு பக்கம், அவளிடம் மன்னிப்புக் கேட்கக்கூட வாய் வராத துக்கம் ஒரு பக்கம். வாசற்படியிலேயே நின்றார்.

"நான் வெளியில இருக்கட்டுமா? அக்காவை வரச் சொல்லட்டுமா?"

"போகாதீங்க. தனியா இருந்தா பயமா இருக்கு."

"நான் என்னதான் பண்ணட்டும் சொல்லு."

"ஒண்ணும் பண்ணாதீங்க. நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டு உக்காருங்க. உங்க முகத்தைப் பாத்தா மாத்திரையைக் கேட்டுடுவேன்."

நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்தார். முதுகுக்குப் பின்னால் அவள் பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. கட்டில் நடுங்குவதும் கேட்டது. ஒருமுறை அவள் அம்மா என்றாள். அவர் எழப் போனார்.

"உக்காருங்க," என்றாள்.

அவர் உட்கார்ந்தார்.