டிஜே வல்லிக்கு ஆழ்ந்த இரங்கல்

ஒலிபெருக்கி திடீரென்று அலறியபோது காலை மணி ஐந்தே முக்கால். முதலில் 'கொர்ர்' என்று ஓர் இரைச்சல். பிறகு யாரோ மைக்கில் இருமினார்கள். அதற்கடுத்த நொடி, ராஜபாளையத்தில் தன் வீட்டுக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த ஆனந்தவல்லியை ஆனந்தவல்லியே பாடி எழுப்பினாள்.

"நீ உட்கார்ந்த நாற்காலி... இன்னும் சூடு ஆறலையே..."

"மேலத் தெரு," என்றார் பக்கத்தில் படுத்திருந்த கணவர் கண்ணுச்சாமி, கண்ணைத் திறக்காமலே. "சத்தத்தப் பாத்தா நாலு குழாய் கட்டியிருக்கான். வசதியான வீடு. பதினாறாம் நாளுக்கு நம்மளக் கூப்பிடுவான்."

"செத்தது யாருன்னு கேக்கத் தோணுதா உங்களுக்கு?"

"அத பொறவு போஸ்டர்ல பாத்துக்கிடலாம்."

ஆனந்தவல்லி போர்வையை இழுத்துத் தலைவரைக்கும் மூடிக்கொண்டாள். போர்வைக்குள்ளும் அவளே பாடிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் வந்த ஆல்பம் அது. ஏழு பாட்டு. உண்மையில் 'நாற்காலி' ஒரு காதல் பாட்டு. பெங்களூருக்கு வேலைக்குப் போன காதலனை நினைத்து ஒருத்தி பாடுவது. அவன் சனிக்கிழமை பஸ்ஸில் வந்துவிடுவான் என்று நான்காவது சரணத்தில் தெளிவாகவே இருக்கிறது. என்ன செய்வது, எந்தத் துக்க வீட்டிலும் நான்காவது சரணம் வரை யாரும் காது கொடுப்பதில்லை. இரண்டாவது சரணத்திலேயே பெண்கள் மார்பில் அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிடுவார்கள்.

சங்கரன்கோவிலில் இருந்து திருமங்கலம் வரை, ஆனந்தவல்லி பாடாமல் ஒரு பிணமும் வாசலைத் தாண்டவில்லை. பெயரும் புகழும் குவிந்தன. புகழ் எப்படிப்பட்டது என்றால், அவள் பால் வாங்கத் தெருவில் இறங்கினால், எதிர்வீட்டு அய்யம்மாள் வாசலுக்கு ஓடி வந்து, "யாருக்கு என்னாச்சு?" என்று கேட்பாள். ஒருமுறை ஆஸ்பத்திரியில் சொந்தக்காரரைப் பார்க்கப் போனாள். பக்கத்துக் கட்டில்காரர் அவளைப் பார்த்ததும் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "உண்மையச் சொல்லுங்க சார், எனக்கு எத்தன நாளு?" என்று அழுதார். அவருக்கு வந்திருந்தது சிரங்கு.

இத்தனை புகழ் கிடைத்தும் அவளுக்கு ஒரே ஓர் ஆசை பாக்கி இருந்தது. ஒரே ஒரு கல்யாண வீட்டில் பாட வேண்டும். பீரோவில் அரக்குச் சிவப்பில் ஒரு பட்டுப்புடவை பன்னிரண்டு வருடமாக மடிப்புக் கலையாமல் இருக்கிறது. அதைக் கட்டிக்கொண்டு, மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு, மேடையில் நின்று பாட வேண்டும். கீழே யாராவது ஒருத்தர் சிரிக்க வேண்டும். அவ்வளவுதான்.

பன்னிரண்டு வருடத்தில் ஒரு கல்யாண வீடும் கூப்பிடவில்லை.

"சனங்க மனசு அப்படி ஆனந்தி," என்பார் கண்ணுச்சாமி. அவர்தான் மேனேஜர். நோட்டீசில் அவள் படத்துக்குக் கீழே இருப்பது அவருடைய போன் நம்பர். அவர் எடுக்காவிட்டால் மைக்செட் இசக்கிமுத்துவின் நம்பர். "எழவு வீட்டுல நமக்கு ஒரு மருவாதி இருக்கு. பேரம் பேச மாட்டான். ஒன்ஸ்மோர் கேக்க மாட்டான். மாப்பிள்ளையோட மாமா வந்து மைக்கப் புடுங்கிப் பாட மாட்டான். இதவிட என்ன வேணும் ஒரு கலைஞருக்கு?"

அந்தக் கலைஞருக்குத்தான் போன மாசி மாதம் ராம்கி என்கிற பையனிடமிருந்து இன்ஸ்டாகிராமில் செய்தி வந்தது. சென்னையில் இசைத் தயாரிப்பாளர். 'மேடம், உங்க வாய்ஸ்ல ஒரு வலி இருக்கு. அந்த வலிய டான்ஸ் ஃப்ளோர்ல போட்டா வேற லெவல்.'

வலியைத் தரையில் போட்டு மிதிக்கத்தான் ஆனந்தவல்லியும் காத்திருந்தாள். தன் பெயரில் இருந்த சீட்டை எடுத்து அவனிடம் கொடுத்தாள். கண்ணுச்சாமி ஒரு வாரம் சாப்பிடவில்லை. அதாவது, வீட்டில் சாப்பிடவில்லை.

எட்டுப் பாட்டு. ஆல்பத்தின் பெயர் 'மினுக்கு'. பாடகியின் பெயர் இனிமேல் டிஜே வல்லி. பெயரிலிருந்த ஆனந்தத்தை வெட்டி எறிந்த ராம்கி, அதைப் பாட்டில் கொண்டுவருவதற்குத்தான் பெரும்பாடு பட்டான்.

"மேடம், 'குலுக்கு குலுக்கு'ன்னு பாடும்போது அழாதீங்க."

"நான் எங்க தம்பி அழுதேன்? என் கொரலே இதுதான்."

"சிரிச்சுக்கிட்டே பாடுங்க."

சிரித்துக்கொண்டே பாடினாள். கேட்டவர்களுக்குப் புத்தி பேதலித்து அழுவதுபோல இருந்தது. கடைசியில் ராம்கி கம்ப்யூட்டரில் எதையெதையோ முறுக்கி, அடியில் இடி மாதிரி ஒரு தாளத்தைக் கொடுத்து, அழுகையை அமுக்கினான். அழுகை முழுசாக அமுங்கவில்லை. ஆனால் கால் தானாக ஆடியது. ஆனந்தவல்லிக்கே ஆடியது. தனக்கு அப்படியொரு கால் இருப்பது நாற்பது வயதில்தான் அவளுக்குத் தெரிந்தது.

வீடியோவைப் பிளவக்கல் அணையில் எடுத்தார்கள். சித்திரை வெயிலில் வெள்ளி நிற ஜாக்கெட், கறுப்புக் கண்ணாடி. குரங்குகள் கரையில் வரிசையாக உட்கார்ந்து பார்த்தன. "இதுக அளவுக்குக் கூட்டம் வந்தாப் போதும்," என்றார் கண்ணுச்சாமி, குடை பிடித்தபடி.

வெளியீட்டு விழாவை அவள் பிறந்த ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் வைத்தாள். தேரடிப் பக்கம் ஒரு சின்ன மண்டபம். வாசலில் அவள் முகம் போட்ட பெரிய ஃபிளெக்ஸ். 'டிஜே வல்லி: புதிய அவதாரம்' என்று எழுதியிருந்தது. ஊர்க்காரர்கள் எழுத்தைப் படிக்கவில்லை. ஆனந்தவல்லி முகத்தைப் பார்த்தார்கள், பெரிதாக இருப்பதைப் பார்த்தார்கள், மாலையோடு வந்துவிட்டார்கள்.

வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் நேராகக் கண்ணுச்சாமியிடம் போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "சின்ன வயசுதான? எப்ப எடுக்குறீக?"

"எதை?"

"பாடியத்தான்."

"பாடி அந்தா வெள்ளி ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டு நிக்குது. போய் நீரே கேளும்."

பெரியவர் திரும்பி ஆனந்தவல்லியைப் பார்த்தார். கொண்டுவந்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கழுத்திலேயே போட்டுவிட்டு, பால்கோவாப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வேகமாக நடந்தார்.

யூடியூபில் முதல் வாரம் நானூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்திருந்தார்கள். அதில் அவள் பார்த்தது மட்டும் நூறு இருக்கும். கீழே பதினொரு கருத்துகள். ஒன்பது பேர் பழக்க தோஷத்தில் 'ஆழ்ந்த இரங்கல்' என்று போட்டிருந்தார்கள். ஒருவர் 'எந்த ஊர்?' என்று கேட்டிருந்தார். கடைசி ஆள் கடன் வாங்கித் தருவதாக விளம்பரம் செய்திருந்தார்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் கண்ணுச்சாமி. அன்றைக்கு அவர் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

ஆனந்தவல்லி விடுவதாக இல்லை. யூடியூபில் யார் பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன? ராஜபாளையத்தில் ஒரு பாட்டு கல்யாண வீட்டுக்குள் நுழைய வேண்டுமானால் அதற்கு ஒரே வாசல், பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் இசக்கிமுத்துவின் மைக்செட் கடை. சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டுக் குழாயில் எது பாட வேண்டும் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் அவனுக்குத்தான். அவனிடம் இரண்டு பென்டிரைவ் உண்டு. சிவப்பு, விசேஷ வீட்டுக்கு. கறுப்பு, துக்க வீட்டுக்கு.

"முத்து, இந்த எட்டுப் பாட்டையும் சிவப்புல ஏத்தணும்," என்று அவன் கையில் கொடுத்தாள்.

"அதுக்கென்னக்கா, இப்பவே ஏத்திருவோம்," என்றான் இசக்கிமுத்து.

ஏற்றியும் விட்டான். பன்னிரண்டு வருடப் பழக்கம் ஒரு பேச்சில் மாறிவிடுமா? ஆனந்தவல்லி பாட்டு என்றதும் கை தானாகக் கறுப்பைத்தான் எடுத்துச் செருகியது.

நாலாம் நாள் செட்டியார்பட்டியில் இருளப்பசாமி காலமானார். பட்டாளத்தில் இருந்தவர், தொண்ணூற்றொரு வயது. பேரன், பேத்தி, கொள்ளுப்பேரன் என்று ஒரு லாரி நிறைய ஆட்கள். பாடை கிளம்பியது. வண்டியில் கட்டிய ஸ்பீக்கர் பெட்டியில் 'நாற்காலி' ஓடி முடிந்தது. பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். அடுத்த பாட்டு தானாக வந்தது.

"குலுக்கு குலுக்கு... குறுக்கு வலிக்கக் குலுக்கு..."

இரண்டு நொடி ஊரே உறைந்தது. பாடை தூக்கியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனந்தவல்லியின் குரல்தான், அதில் சந்தேகமே இல்லை. அதே அழுகை. ஆனால் அடியில் இடி. போலீசில் இருக்கும் பேரன் ஒருத்தனின் வலது கால்தான் முதலில் அசைந்தது. அப்புறம் யார் காலை யார் பிடிப்பது? அழுதுகொண்டே ஆடினார்கள், ஆடிக்கொண்டே அழுதார்கள். இரண்டையும் ஒரே பாட்டில் செய்யலாம் என்று அதுவரை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சுடுகாடு பத்து நிமிட நடை. இருளப்பசாமி போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆனது.

யாரோ செல்போனில் எடுத்த வீடியோ மூன்று நாளில் முப்பது லட்சம் பேருக்குப் போனது. ராம்கி சென்னையிலிருந்து கூவினான். "மேடம், ரீ-இன்வென்ஷன் சக்சஸ்! துக்க வீட்டுக்குன்னே தனியா ஒரு டான்ஸ் மார்க்கெட்டைத் திறந்துட்டீங்க!"

கண்ணுச்சாமி ஒரே நாளில் கட்சி மாறினார். "நான் அப்பவே சொன்னேன், டான்ஸ்தான் எதிர்காலம்னு." மறுநாளே புது நோட்டீஸ் அச்சடித்து வந்துவிட்டது. 'அழுகை, ஆட்டம் இரண்டும் ஒரே இடத்தில். அணுகவும்: கண்ணுச்சாமி.'

நோட்டீசைப் பார்த்த ஆனந்தவல்லி செருப்பை மாட்டிக்கொண்டு நேராகப் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

இசக்கிமுத்து ஒரு ஆம்ப்ளிஃபயரைக் குடல் வெளியே தெரியக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டான். "யக்கா! செட்டியார்பட்டியக் கலக்கிட்டீகளே! நாளைக்கு மட்டும் நமக்கு மூணு பாடி."

"ஏலே, நான் எதுல ஏத்தச் சொன்னேன், நீ எதுல ஏத்துன?"

இசக்கிமுத்து மேசையில் கிடந்த இரண்டு பென்டிரைவையும் பார்த்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான். "கை பழகிப்போச்சுக்கா. ஆனா நல்லதாத்தான முடிஞ்சிருக்கு?"

"நல்லதா? இனி ஜென்மத்துக்கும் ஒரு கல்யாண வீட்டுக்காரன் என்னய வாசல்ல விடுவானா? பன்னெண்டு வருசமா அழுது கெடுத்தேன். இப்ப ஆடியும் கெடுத்தாச்சு. சீட்டுப் போச்சு, குறுக்கு போச்சு, அந்த வெள்ளி ஜாக்கெட்டப் போட்டு கழுத்தெல்லாம் வேர்க்குரு. எதுக்குல இம்புட்டும்? எவ கழுத்துலயாவது தாலி ஏறும்போது ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டு பாடிறணும்னுதான்."

இசக்கிமுத்து உட்கார்ந்து ஆம்ப்ளிஃபயருக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். நல்லவேளையாக அவன் போன் அடித்தது. கையெல்லாம் ஈயப் பசை. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, ஸ்க்ரூ டிரைவரைத் திரும்ப எடுத்தான்.

"தம்பி, நான் ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து கனகலட்சுமி பேசுறேன். எளையவளுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம். அந்தச் சாவு வீட்டு வீடியோவப் பாத்ததுல இருந்து பொண்ணு ஒத்தக்கால்ல நிக்கிறா, அந்தம்மாதான் பாடணும்னு. கண்ணுச்சாமி அண்ணாச்சி போன எடுக்க மாட்டேங்குறாக."

"அவிய கல்யாண வீட்டுக்கெல்லாம் பாட மாட்டாகம்மா," என்றான் இசக்கிமுத்து, ஆம்ப்ளிஃபயரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே. மனப்பாடமாக, ஒரு தடங்கலும் இல்லாமல் சொன்னான். இதே பதிலை இதற்கு முன் நூறு முறையாவது சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லி முடித்த பிறகுதான் எதிரில் நிற்பது யார் என்பது அவனுக்கு உறைத்தது. ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்தது.

ஆனந்தவல்லி அவனை முறைத்தாள். தகப்பன், பாட்டன் எல்லாரையும் சேர்த்துத் திட்ட வாயெடுத்தவள், அதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, பசை அப்பியிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அம்மா, நான் ஆனந்தவல்லிதான் பேசுறேன். பாடுறேன். என்னைக்குன்னு மட்டும் சொல்லுங்க, வாரேன்."

 கனகலட்சுமி, கோவிலில் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"நெசமாவா தாயி? மூத்தவ கல்யாணத்துக்குக் கேட்டப்போ, எந்தக் கல்யாண வீட்டுலயும் பாட மாட்டேன்னு நீங்க கொலசாமிக்கு நேந்துகிட்டதா உங்க வீட்டுக்காரரு சொன்னாகளே, அந்த நேத்திக்கடன் முடிஞ்சிருச்சா?"