வலி தெரியாத முகம்

மாஸ்டருக்கு ஒரு பெருமை உண்டு. ஓடுகிற பிள்ளையின் முகத்தைப் பார்த்தே எந்தக் காலில், எந்த இடத்தில் வலி என்று சொல்லிவிடுவார். மைதானத்தின் மறுகோடியில் ஒருவன் உதட்டை லேசாகக் கோணினால் போதும், இங்கிருந்தே விசில் அடித்து, "டேய், இடது முட்டி! வெளிய வா!" என்று நிறுத்திவிடுவார். அந்தப் பள்ளிக்கு அவர் ஓட்டப் பயிற்சியாளராக வந்ததிலிருந்து ஒரு பிள்ளைக்கும் எலும்பு முறிந்ததில்லை. இதை அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார். கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறார்.

அப்படிப்பட்டவருடைய மனைவியின் கால் எலும்பு, வாரக்கணக்கில் விரிசல் விட்டுக் கிடந்திருக்கிறது. ஒரே வீடு, ஒரே கட்டில். அவருக்குத் தெரியவில்லை.

ஆரம்பித்து வைத்தது சாப்பாட்டு மேசைப் பேச்சுதான். சண்டை என்றால் அது பெரிய வார்த்தை. அவள் ஒரு நடனக் குழுவில் முதல் வரிசையில் ஆடுகிறவள். சுழன்றால் நிற்கமாட்டாள் என்பதால் குழுவில் அவளுக்குப் பெயர் பம்பரம். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. ஆண்டுதோறும் அவர்கள் கலந்துகொள்ளும் போட்டியை அந்த வருடம் ஒரு விளையாட்டுச் சங்கம் எடுத்து நடத்தப்போவதாகச் செய்தி வந்தது. குதிப்புக்கு இவ்வளவு, சுழற்சிக்கு இவ்வளவு, தரையில் சரியாக இறங்குவதற்கு இவ்வளவு என்று தனித்தனியாகப் புள்ளி.

"இப்பவாவது ஒத்துக்கோ. ஆட்டம்ங்கறது விளையாட்டுதான்" என்றார் மாஸ்டர், குழம்பை ஊற்றிக்கொண்டே.

"யாரு நடத்தினா என்னங்க? நாளைக்கு மீன் கடைக்காரர் நடத்தினா அது மீனாயிடுமா?"

மாஸ்டரின் அம்மாவுக்குச் சிரிப்பில் புரை ஏறியது. "சரியாச் சொன்னடி, அம்மாடி" என்று மருமகள் பக்கம் சேர்ந்துகொண்டாள். எப்போதும் அப்படித்தான்.

"மூச்சு வாங்குது, வேர்க்குது, தசை இழுக்குது. விளையாட்டு இல்லாம வேற என்ன?"

"உங்க பசங்க ஓடி முடிச்சு நாக்கைத் தள்ளிக்கிட்டு விழுந்தா ஜனங்க கை தட்டுவாங்க. எனக்கு மூச்சு வாங்கறது மூணாவது வரிசைக்குத் தெரிஞ்சாலே போச்சு, காசைத் திருப்பிக் குடுன்னு கேப்பாங்க. உங்களது கஷ்டத்தைக் காட்டுற வேலை. என்னோடது மறைக்கிற வேலை. ரெண்டும் ஒண்ணா?"

"அப்ப உனக்கும் கஷ்டம் இருக்குன்னு ஒத்துக்கற."

"இருந்தா உங்களுக்குத் தெரியுமா?" என்றாள், கண்ணைச் சிமிட்டி.

அந்தக் கேள்வியை அவர் அப்போது கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. சவாலாக எடுத்துக்கொண்டார். மறுநாள் காலையிலேயே அவளை மைதானத்துக்கு அழைத்துப் போனார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. நடனத்தின் கடைசியில் பம்பரம் தனியாகப் பாய்ந்து, இடது காலில் மட்டும் இறங்கி, அப்படியே சுழன்று முடிக்க வேண்டும். உயரம் கூடினால் புள்ளி கூடும். உயரத்தைக் கூட்டுவது எப்படி என்பது அவருக்குத் தெரிந்த தொழில். மணல் குழியில் குதிக்க வைத்தார். ஒற்றைக்காலில் படி ஏற வைத்தார். அவருடைய பெரிய பையன்களே முணுமுணுக்கும் பயிற்சிகள். அவள் எல்லாவற்றையும் விருந்துக்கு வந்தவள் மாதிரிச் செய்தாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

"போதுமா, மாஸ்டர்? இன்னும் இருக்கா?"

"திமிரு" என்று சிரித்துக்கொண்டே அவர் இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

அங்கேதான் தப்பு நடந்தது. எத்தனை தூரம் ஓடலாம், எத்தனை தடவை குதிக்கலாம் என்பதற்கெல்லாம் அவரிடம் இருந்த அளவுகோல் ஒன்றே ஒன்று, ஓடுகிறவனின் முகம். முகம் மாறினால் நிறுத்து, மாறாவிட்டால் கூட்டு. மற்றவர்களிடம் அது பொய்த்ததில்லை. ஆனால் இவளோ சின்ன வயதிலிருந்து, காலில் ஆணி குத்தினாலும் முகத்துக்குச் சேதி போகாதபடி பழகியவள். அவள் மறைத்துக் காட்டினால் அது கலை என்று ஜெயித்துவிடுவாள். அவர் முகம் சுளிக்க வைத்தால் விளையாட்டு என்று அவர் ஜெயித்துவிடுவார். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. நடுவில் ஒரு கால் இருந்தது.

மாஸ்டரின் அம்மாதான் முதலில் பார்த்தாள். ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே மகனிடம் மெதுவாகச் சொன்னாள்.

"டேய், அவ மாடிப்படியில செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு இறங்குறாடா."

"எப்ப?"

"யாரும் இல்லைன்னு நெனச்சப்ப. என்னைப் பார்த்ததும் கையை எடுத்துட்டுத் துள்ளிக் குதிச்சு இறங்குறா. எனக்கு மனசு கேக்கல."

"தசை வலிம்மா அது. புதுப் பயிற்சியில்ல? நல்ல வலி."

"வலியில என்னடா நல்ல வலி, கெட்ட வலி? புதுசா இருக்கே!"

"இருக்கும்மா. தசை வளரும்போது வர்றது நல்ல வலி. எலும்புல வர்றதுதான் கெட்டது. அது வந்தா எனக்கு மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும்."

அம்மா மடித்த சட்டையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். அன்று மாலை மாஸ்டர் மனைவியிடம் கேட்கத்தான் செய்தார். "கால் எதுவும் பண்ணுதா?" என்றார். அவள் சமையல் மேடையில் சாய்ந்து நின்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இடது பாதம் தரையில் முழுதாகப் பதியவில்லை. அதை அவர் பார்த்தார். ஆனால் முகத்தைப் பார்த்த பிறகு பாதத்தை மறந்துவிட்டார்.

"பண்ணினா நிறுத்திடுவீங்களா?"

"உடனே."

"அப்ப பண்ணல" என்றாள்.

போட்டி நடந்த அரங்கில் மாஸ்டர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். நடுவர்கள் கையில் அட்டை வைத்துக்கொண்டு மேடைக்குக் கீழே வரிசையாக இருந்தார்கள். இசை ஏறியது. பம்பரம் பின்னாலிருந்து ஓடிவந்து எழும்பினாள். அதுவரை அந்த உயரத்தை அவள் மணலில்கூட எட்டியதில்லை. மாஸ்டர் தன்னையறியாமல் எழுந்துவிட்டார். அவள் இடது காலில் இறங்கினாள், சுழன்றாள், சுழற்சி முடிந்து இரண்டு கையையும் விரித்து நின்றாள். அந்தச் சிரிப்பு கடைசி வரிசை வரைக்கும் போயிருக்கும். கூட்டம் ஆர்ப்பரித்தது. அவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கை தட்டினார்.

திரை விழுந்ததும் ஓட்டமாக மேடைக்குப் பின்னால் போனார். அவள் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். குழுப் பெண்கள் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"என்ன உயரம்! ஒத்துக்கோ, இது விளையாட்டுதானே?" என்றார் மூச்சிரைக்க.

அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். "ஏங்க, கொஞ்சம் கையைக் குடுங்க. எழுந்திருக்க முடியல."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தார். கையைக் கொடுத்தார். பிடித்த கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது. குனிந்து பார்த்தபோது கணுக்காலுக்கு மேலே கால் ஒரு பக்கமாக விலகி, வீங்கி, நிறம் மாறிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தார். இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

மருத்துவமனையில் அந்த டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "இன்னைக்கு உடைஞ்சது இது. ஆனா இந்தக் கோடு பழசு. மயிரிழை மாதிரி ஆரம்பிச்சு, ஓய்வே இல்லாம மேல மேல அடி வாங்கியிருக்கு. இதை வச்சுக்கிட்டா குதிச்சாங்க? வீட்டுல வலின்னு சொல்லலையா?"

மாஸ்டர் படத்தை நெருங்கிப் போய்ப் பார்த்தார். அவள் சொன்னாள் என்றாலும் பொய், தான் கேட்கவில்லை என்றாலும் பொய்.

"நடப்பாங்க" என்றார் டாக்டர், அவர் கேட்காமலேயே. "குதிக்கிறது வேண்டாம். மேடையை மறந்துட்டா நல்லது."

கட்டிலில் படுத்திருந்தவள் கூரையைப் பார்த்துக்கொண்டே, "சரிங்க டாக்டர்" என்றாள். அடுத்த வேளை மாத்திரை எப்போது என்று சொன்னதற்குப் பதில் சொல்வது போல.

வேறு எங்காவது விரிசல் இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் பாதத்திலிருந்து மேலே விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். "பத்துக்கு எவ்வளவு வலி, சொல்லுங்க."

அவள் யோசித்தாள். "எவ்வளவு சொல்லணும்?"

"வலிக்கிற அளவு சொல்லுங்கம்மா."

"அது எனக்குத் தெரியலையே, டாக்டர்." திரும்பிக் கணவரைப் பார்த்தாள். "ஏங்க, எவ்வளவு இருக்கும்?"

கிண்டலாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அவள் நிஜமாகவே கேட்டாள். வழி தெரியாதவர் தெருவில் நின்று கேட்பது போல.

டாக்டர் இன்னொரு இடத்தில் அழுத்தினார். அவள் முகம் மலர்ந்தது. விரலை எடுத்ததும் சாதாரணமானது. டாக்டர் மறுபடி அழுத்தினார், மறுபடி மலர்ந்தது. அவர் கையை எடுத்துவிட்டு மாஸ்டரைப் பார்த்தார்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

"நான் இருந்தா அவளுக்குத் தைரியமா…"

"தைரியம்தான் இப்ப தொந்தரவு. யாராவது பார்த்துக்கிட்டிருந்தா இவங்க சொல்ல மாட்டாங்க போல. போங்க சார்."

வெளியே தாழ்வாரத்தில் அம்மா ஒரு இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மகனைப் பார்த்ததும் எழுந்தாள். மகன் முகத்தில் என்ன கண்டாளோ, மறுபடி உட்கார்ந்துகொண்டாள். மாஸ்டர் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. கதவுக்கு எதிரே சுவரில் சாய்ந்து நின்றார்.

உள்ளே டாக்டரின் குரல் கேட்டது. "யாரும் இல்ல. நான் மட்டும்தான். இங்க?"

கட்டில் கிரீச்சிட்டது.

"இங்க?"

பிறகு ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல் போல இருந்தது. அப்புறம் அது நீண்டது, உடைந்தது, அசிங்கமாக, ஒழுங்கில்லாமல், மூக்கை உறிஞ்சி, மறுபடி ஓலமாகக் கிளம்பியது. இத்தனை வருடத்தில் அவர் கேட்டிராத குரல். ஒரு கணம், பக்கத்து அறையில் வேறு யாரோ அழுகிறார்கள் என்றே நினைத்தார். உறைத்ததும் கதவின் பிடியில் கை வைத்துவிட்டார்.

அம்மா பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்தாள். "உள்ள போகாத."

"அம்மா, அவ அழுறா."

"அதான் போகாதங்கறேன். நீ போனா நிறுத்திடுவா."

கையை எடுத்தார். உள்ளே டாக்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே போனார். இங்க? இங்க? அவள் அழுகைக்கு நடுவில், "ஆமா, அங்க. அங்கயும். ரொம்ப நாளா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எந்த இடத்தைச் சொல்கிறாள் என்று மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற மாஸ்டருக்குத் தெரியவில்லை.